வீணை உடையாமல் கடை போய்ச் சேர

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வீணைகளை வரவழைத்து விற்கிறோம். போன தடவை வந்த ஆறு வீணைகளில் இரண்டில் குடமும் தண்டியும் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. இன்னொன்றில் மெட்டுகள் சாய்ந்து கிடந்தன. பபிள் ஷீட்டை இன்னும் நாலு சுற்று சுற்றி அனுப்பச் சொல்லலாமா?
— இசைக்கருவிக் கடைக்காரர், கோயம்புத்தூர்

சொல்லாதீர்கள். நாலு சுற்று கூடினாலும் அந்த இணைப்பு விடத்தான் செய்யும். உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு தனித்தனி நோய்கள்.

முதலில் இணைப்பு. வீணையின் கனம் பெரும்பாலும் குடத்தில் இருக்கிறது. தண்டி நீண்டு மெலிந்தது. பெட்டி கீழே விழும்போது குடம் தரையோடு நின்றுவிடும், தண்டி நிற்காமல் இன்னும் கொஞ்சம் போகப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதையும் வாங்குவது இரண்டும் சேரும் இடம். ஒட்டு வீணையில் அந்த ஒட்டு விடும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் ஒட்டு கிடையாது. ஆனால் மரத்தின் ரேகை வழியே விரிசல் ஓடலாம். மேலே எத்தனை சுற்று சுற்றினாலும் தண்டி அந்தரத்தில் நின்றால் இது நடக்கத்தான் செய்யும்.

ஆகவே வீணையைப் படுக்க வைக்கத் தொட்டில் வேண்டும். கெட்டியான ஃபோமில் குடத்துக்கு வட்டமாகக் குழி வெட்டுங்கள். தண்டிக்கு அடியில் முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுங்கள். யாளி முகமும் பிரடைகளும் எதிலும் படக்கூடாது. அவற்றைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். பிரடையின் தலையில் ஒரு இடி விழுந்தால் அது நேராகப் பிரடை செருகிய துளைக்குத்தான் போகும். சுரைக்காயைக் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் போட்டு அதே பெட்டிக்குள் வைக்கலாம். தந்திகளைச் சில சுரம் இறக்குங்கள், முழுக்கத் தளர்த்த வேண்டாம். முழு முறுக்கில் விட்டால் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் மரம் அடியையும் சேர்த்து வாங்கும். அடியோடு தளர்த்தினால் குதிரை இடம் பெயர்ந்து பலகையைக் கீறும். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும்.

அடுத்தது மெட்டு. 24 மெட்டுகளும் நிற்பது மெழுகின் மேல். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல்தான் என்றாலும் அதற்கு வெகு முன்பே குழையத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட குடோனிலும் மூடிய லாரியிலும் எத்தனை சூடு இருக்கும் என்று உள்ளே போய் நின்றவர்களுக்குத் தெரியும். குழைந்த மெழுகின் மேல் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் மெட்டு சாயாமல் என்ன செய்யும்? கோடையில் இரவு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் புக் செய்ய வேண்டாம், ஞாயிறு முழுக்கச் சரக்கு குடோனில் வெந்து கிடக்கும். சாய்ந்துவிட்ட மெட்டுகளைத் திரும்பக் கட்டலாம், வீணை வீணாகிவிடவில்லை. ஆனால் அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால், அடுத்த சரக்கை வரவழைக்கும் முன் அவரைத் தேடுங்கள்.

பட்டறைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கட்டிய பெட்டியை எப்போதாவது போட்டுப் பார்த்திருக்கிறாரா? உலகெங்கும் பெட்டிகளைச் சோதிக்க இஸ்டா என்ற அமைப்பு வகுத்த முறை இருக்கிறது. அதன் எளிய சோதனையில் பெட்டியை ஒரு மூலையிலும் மூன்று விளிம்புகளிலும் ஆறு முகங்களிலுமாகப் பத்து முறை கீழே போடுகிறார்கள். 10 கிலோவுக்கு மேல், 19 கிலோவுக்குள் இருக்கும் பெட்டிக்கு உயரம் சுமார் 61 சென்டிமீட்டர். விற்க முடியாத பழைய வீணை ஒன்றை வைத்து ஒரு தடவை செய்து பார்த்தால், தொட்டில் எங்கே தோற்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். மரத்தைக் குடைய மாதக்கணக்கில் உழைக்கும் கைகள், பெட்டி கட்டும் வேலையைக் கடைசி நிமிடத்தில் உதவியாளிடம் கொடுத்துவிடுவதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை. வீணை செய்வதில் பெட்டி கட்டுவதும் சேர்த்திதான்.

கேள்வி: வீணை 8 கிலோ கூட இல்லை. கூரியரில் 70 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள். பெட்டியைச் சின்னதாக்கலாமா?
— வீணை செய்பவர், தஞ்சாவூர்

அவர்கள் ஏமாற்றவில்லை. பெட்டி அடைக்கும் இடத்துக்கு விலை போடுகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர் கணக்கு. 140, 50, 50 என்றால் சரியாக 70 வருகிறது. விமானச் சரக்காக நேரடியாகப் போட்டால் பெரும்பாலும் 6000-ஆல் வகுப்பார்கள். அதே பெட்டி 58 கிலோ சொச்சம் ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்த பலரும் முதலில் கை வைப்பது ஃபோமின் கனத்தில். அங்கேதான் வீணை உடைகிறது. மெத்தையைக் குறைக்காதீர்கள். தண்டியின் இருபுறமும் வெற்றிடம் கிடக்கிறதே, சுரைக்காய்ப் பெட்டியை அங்கே இறக்குங்கள். அகலம் கூடாமல் இருக்கும். மூன்று நான்கு வீணைகளைச் சேர்த்து ஒரே சரக்காக அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

வெளிநாடு என்றால் இன்னொன்று. பச்சைப் பலகையில் அடித்த பெட்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பதற்கான முத்திரை பலகையில் இருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பிளைவுட்டிலேயே கட்டுங்கள்.

கேள்வி: மானாமதுரைக் கடங்களைச் சிங்கப்பூர் கடை ஒன்றுக்கு அனுப்புகிறோம். பானைக்கு வைப்பதுபோல வைக்கோல் போதுமா?
— ஏற்றுமதியாளர், மதுரை

உள்ளூர் வண்டிக்கு வைக்கோல் நல்ல பொருள்தான். ஆனால் ஓட ஓட அது அமுங்கும். அமுங்கிய இடத்தில் கடம் ஆடத் தொடங்கும். எனக்கு ஒரு தடவை வந்த பெட்டியில் வைக்கோல் முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விட்டிருந்தது, இரண்டு கடங்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிடந்தன. போதாததற்குப் பூச்சி பயத்தால் பல நாடுகளில் வைக்கோலைத் தாவரத் தடுப்புச் சோதனையில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கடத்துக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள், நடுவே ஃபோம். இதற்குக் குறைந்து எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடத்தின் சுருதி சூளையிலேயே முடிவாகிவிடுகிறது, விரிசல் விட்டதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. வாங்கும் கடைக்காரரைப் பெட்டியைத் திறந்ததும் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும்.

கேள்வி: பழைய வீணை ஒன்றில் தந்த வேலைப்பாடும் மான்கொம்பும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கடைக்கு விற்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வீட்டிலேயே வைத்து வாசியுங்கள்.

கேள்வி: உடைந்து வந்தால் இழப்பீடு கிடைக்குமா? பார்சல் சர்வீஸில் கையை விரிக்கிறார்கள்.
— கடைக்காரர், திருச்சி

பாதித் தவறு புக்கிங் மேசையிலேயே நடந்துவிடுகிறது. கட்டணம் குறையட்டும் என்று விலையைக் குறைத்து எழுதுகிறோம், ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ முத்திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம். உண்மை விலையை எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டுங்கள். சரக்கு வந்ததும் வண்டிக்காரர் நிற்கும்போதே பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதை ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். சாலை வழிச் சரக்கில் வழக்குப் போட வேண்டுமானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பன்னாட்டு விமானச் சரக்குக்கு அவகாசம் இன்னும் குறைவு. பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். ஆகவே வந்த பெட்டியை விற்கும் நாள் வரை மூலையில் போட்டு வைக்காதீர்கள், அந்த வாரமே திறந்து பாருங்கள்.