முதலில் நிறுத்தப்படும் கைகள்

அரிவுவெட்டுக் காலத்தில் நாம் கூலிக்கு ஆள் பிடித்தோம். மழை பொய்த்த ஆண்டில் எவரையும் கூப்பிடாமல் வீட்டாரோடு சமாளித்தோம். காணியை விட்டு இடம்பெயர்ந்த பின்னரோ, கூப்பிடுவார்களா என்று காத்து நிற்பவர்கள் நாமே. ஆகவே தற்காலிகத் தொழிலாளர் பற்றிய இப்பாடம் நமக்கு முற்றிலும் புதிதல்ல.

வியாபாரம் தளரும்போது நிரந்தர ஊழியரை நிறுத்த முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். தற்காலிக ஊழியரின் ஒப்பந்தத்தையோ புதுப்பிக்காமல் விட்டாற் போதும். இதனைப் பொருளியலாளர் தொழிற்சந்தையின் 'சீராக்கம்' என்பர். சொல் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது! குளக்கட்டைக் காப்பது வான். ஆனால் வான் பாயும் வழியில் பயிர் செய்தவனுக்கே அழிவு.

ஸ்பெயின் நாட்டைப் பார்ப்போம். வேலையின்மையைக் குறைக்கவென 1984 இல் அங்கு தற்காலிக ஒப்பந்தங்கள் இலகுவாக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்திலேயே ஊழியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தற்காலிகமானவர். கட்டட வேலைகள் பெருகிய காலத்தில் இளைஞரும் குடியேறியோரும் விரைவாக வேலை பெற்றனர். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2008 இல் நெருக்கடி வந்தபோது அவர்களே முதலில் வெளியேறினர். 2007 இல் நூற்றுக்கு 8 வீதமளவிலிருந்த வேலையின்மை 2013 இல் 26 வீதமளவுக்கு ஏறியது. நாளை போகிறவனுக்குத் தொழில் பழக்க எந்த முதலாளியும் செலவிடுவதில்லை. அதனால் மீண்டும் வேலை தேடுவதும் அவர்களுக்குக் கடினமாயிற்று. 2021 இறுதியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, நிரந்தர ஒப்பந்தத்தையே பொதுவிதியாக்கியது.

இலங்கையிலும் 2020 இல் கொவிட் பரவியபோது, கட்டுநாயக்க வலயத்தில் ஆள்வழங்கும் முகவர் மூலம் நாட்கூலிக்குச் சென்றோரே முதலில் வேலை இழந்தனர். நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் ஆடைத் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அவர்களுக்கு இதனைச் சொல்லி வைப்போம்: தற்காலிகமானவர், அமைய ஊழியர் என்றாலும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதிக்கு உரித்துண்டு. சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில், 12 மாதங்களுள் 180 நாட்கள் வேலைசெய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஆறு மாதம் நிறையுமுன் ஆளை நிறுத்திப் பின்னர் புதிதாகச் சேர்ப்பதன் சூட்சுமம் இதிலேதான் இருக்கிறது. எனவே வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளையும், பெற்ற கூலியையும், அழைத்துச் சென்ற முகவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள். தொழில் அலுவலகத்தில் முறையிடும்போது முதலில் கேட்கப்படுவது அந்த நாட்கணக்கே.