நாக்கைப் பழிக்காதே

அன்பு மகள் கயலுக்கு,

இரவில் படிக்க உட்கார்ந்தாலே இனிப்புக்கு நாக்கு ஏங்குகிறது, அடக்கத் தெரியாத என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எல்லாம் குடல் பாக்டீரியாவின் வேலையாமே, புரோபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போடட்டுமா சித்தி என்றும் கேட்டிருந்தாய்.

பாக்டீரியா பற்றி நீ கேள்விப்பட்டது வெறும் கதையல்ல. 2017இல் லிஸ்பன் ஆய்வாளர்கள், பழ ஈக்களின் உணவிலிருந்து இன்றியமையாத அமினோ அமிலம் ஒன்றை நீக்கினார்கள். ஈக்கள் புரதம் தேடி ஈஸ்ட்டை மொய்த்தன. ஆனால், குடலில் அசெட்டோபேக்டர், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் இரண்டும் சேர்ந்து குடியிருந்த ஈக்களுக்கு அந்த வேட்கை தணிந்துவிட்டது. ஒன்று மட்டும் இருந்தபோது தணியவில்லை.

2022இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பிரையன் டிரெவலைனும் கெவின் கோலும் குடல் பாக்டீரியா உணவுத் தேர்வை மாற்றுகிறதா என்று சுண்டெலிகளிடம் பார்த்தார்கள். குடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்ந்த சுண்டெலிகளுக்கு, வெவ்வேறு உணவுப் பழக்கமுள்ள மூன்று காட்டுக் கொறிவிலங்குகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பிறகு புரதம் கூடிய தீனியையும் மாவுச்சத்து கூடிய தீனியையும் முன்னால் வைத்தார்கள். தாவர உண்ணியின் பாக்டீரியாவைப் பெற்றவை மற்றவற்றைவிடப் புரதத்தை அதிகம் நாடின. இரத்தத்தில் டிரிப்டோபான் அளவும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறியிருந்தது. அந்த அமினோ அமிலத்திலிருந்துதான் செரோட்டோனின் உருவாகிறது. வயிறு நிறைந்த உணர்வில் அதற்குப் பங்குண்டு.

ஆகவே, ஆசை எழுவதை மனவுறுதிக் குறைவு என்று நினைத்துக் குமையாதே. உடம்புக்குள் எத்தனையோ சேர்ந்துதான் அதை எழுப்புகின்றன. அதற்காகப் பாக்டீரியாமேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. மனிதரின் இனிப்பு ஆசைக்கு இன்ன பாக்டீரியாதான் காரணம் என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. அதைத் தீர்க்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மாத்திரையும் இல்லை. காசை வீணாக்காதே.

உன்னால் ஆகக்கூடியது வேறு இருக்கிறது. உணவை அடியோடு மாற்றினால் குடல் பாக்டீரியாக் கூட்டம் சில நாட்களிலேயே மாறத் தொடங்குவதை 2014இல் மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவை குடல் சுவரைத் தூண்டிப் பசியடக்கும் ஹார்மோன்களைச் சுரக்கச் செய்கின்றன. விடுதிச் சாப்பாட்டில் கீரையும் பொரியலும் வந்தால் ஒதுக்காதே. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கொய்யாவோ சாப்பிடு. பழகாத வயிறு முதலில் கொஞ்சம் உப்பும், அதனால் அளவை மெல்லக் கூட்டு.

மதியம் பட்டினி கிடந்து இரவு கண்விழித்தால் எந்த உடம்பும் இனிப்பைத்தான் கேட்கும். முதலில் அந்த இரண்டையும் சரிசெய். பிறகும் நிறுத்த முடியாமல் தின்பதும், தின்றதற்காக உன்னையே தண்டித்துக்கொள்வதும் தொடர்ந்தால் மறைக்காமல் எனக்குச் சொல். இருவருமாக மருத்துவரிடம் போவோம். இனிப்பு தின்றதற்காக உன்னை நீயே வெறுக்க வேண்டாம் கண்ணு.

அன்புடன்,
சித்தி