விளம்பரப் பக்கத்தோடு வாங்குங்கள்

பழைய பத்திரிகை சேர்ப்பவருக்குப் பொன்னமராவதியைப் போல வசதியான ஊர் குறைவு. வலையபட்டி, மேலைச்சிவபுரி, ராயவரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நகரத்தார் வீடுகள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் டிரங்குப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. ஏ.கே. செட்டியார் ஆசிரியராக இருந்த ரங்கூன் 'தனவணிகன்', 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த 'குமரன்', 'தனவைசிய ஊழியன்', ராயவரத்துக்காரர் வை. கோவிந்தன் 1939இல் தொடங்கிய 'சக்தி' எல்லாம் அங்கேதான் தேட வேண்டியவை.

ஆனால் போகும் நேரம் முக்கியம். பூட்டிய வீட்டைச் சுற்றி வந்து பயனில்லை. முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் பங்காளிகள் ஒன்றுகூடுவார்கள். "எனக்குச் சம்மதந்தான் தம்பி, மத்த பங்காளிகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று ஒரு ஆச்சி சொன்னது சட்டத்தைவிடப் பெரிய விதி. எல்லாரும் சரி என்று சொல்லும்வரை ஒரு தாளையும் எடுக்காதீர்கள்.

பெரும்பாலோர் ஏமாறுவது பைண்டு வால்யூமில். தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' அப்படி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. மணியம் ஓவியங்களுக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் கதை எப்போதும் புத்தகமாகக் கிடைக்கும். பைண்டர் கழித்துப் போட்ட அட்டையும் விளம்பரமும் எங்கே கிடைக்கும்? கப்பல் கம்பெனி, தைலம், கிராமபோன், வைர நகை: அந்தக் காலத்து வாழ்க்கை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. வேறொரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள்: ஜார் ஆட்சியின் கடைசி வருடங்களில், 1913 முதல் 1917 வரை, ரஷ்யச் சீமான்களின் மாளிகைகளையும் கேளிக்கைகளையும் படம் படமாகப் போட்ட 'ஸ்தலீத்சா இ உசாத்பா' என்ற பத்திரிகை வந்தது. புரட்சி அந்த வாழ்க்கையையே துடைத்துவிட்டது, படங்கள் மிஞ்சின. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது நம் பக்கத்து ஆட்கள் விட்டுவந்ததும் சின்ன வாழ்க்கை அல்ல. அதனால்தான், ஓரம் மடங்கியிருந்தாலும், முழு உதிரி இதழையே வாங்குகிறேன்.

வாங்கும்போது பக்கங்களை எண்ணுங்கள். மூவர்ணப் படம் இல்லாவிட்டால் வீட்டுச் சுவரைப் பாருங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமிப் படமாகத் தொங்கும். (கேட்டு வாங்க எனக்கு மனம் வராது.) அட்டை போன இதழுக்கு வருஷம் கண்டுபிடிக்க, உள்ளே தமிழ் வருஷப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். 'விய' என்றால் 1946-47. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால் காகிதத்தையும் அச்சையும் சேர்த்துப் பாருங்கள். சினிமா விளம்பரமும் கைகொடுக்கும். 'சந்திரலேகா' 1948 ஏப்ரலில் வெளியானது. 'விரைவில்' என்று போட்டிருந்தால் இதழ் அதற்கு முந்தியது.

காப்பதில் ஒன்றிரண்டு சொல்கிறேன். துருப்பிடித்த பின்களைப் பின்பக்கமாக நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம். செலோ டேப் கூடவே கூடாது. பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். ஆடி வெயிலில் காயப்போடும் பழக்கம் துணிக்குச் சரி, பத்திரிகைத் தாளுக்கு நிழல் காற்றே போதும். வெயில் பட்டால் தாள் அப்பளமாக நொறுங்கும். ராமபாணப் பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் சில நாள் வைத்து எடுங்கள்.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கேட்கும் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அங்கே மரச்சாமானுக்குத்தான் மவுசு.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நமக்கு அருகிலேயே புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் 'தனவணிகன்' ஒரே ஓர் இதழ் கிடந்தாலும், எடைக்குப் போடுமுன் இந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்குத் தகவல் சொல்லுங்கள்.