பாலையின் பகலும் இரவும்

பாலைவனம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கொடிய வெயிலேயாம். ஆயினும், ஆங்கு வழிச்செல்வோர் பகலில் வெயிலுக்கு அஞ்சுவது போலவே இரவில் குளிருக்கும் அஞ்சிக் கம்பளி கொண்டு செல்வர். ராஜஸ்தானத்து ஜெய்சால்மரில், மழை ஓய்ந்த கார்த்திகை மாதத்தில், பகல் உச்சத்திற்கும் விடியற்காலைக்கும் இடையே சாதாரணமாக 15 டிகிரி சென்டிகிரேடு வரை வேறுபாடு காணப்படும். சென்னைக் கடற்கரையிலோ அம்மாதத்தில் அது 10 டிகிரிக்குக் குறைவேயாம். இரண்டிடத்தும் காய்வது ஒரே சூரியன் அன்றோ? அங்ஙனமாயின் இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என ஆராய்வோம்.

முதற் காரணம் நீரின்மை. நீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு, அதே எடையுள்ள மணலுக்கு வேண்டுவதினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு உஷ்ணம் வேண்டும். மேலும், ஈரநிலத்தில் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு படி நீர் ஆவியாவதற்குக் கொள்ளும் உஷ்ணம், உறைநிலையிலுள்ள ஐந்து படி நீரைக் கொதிக்கச் செய்யப் போதியதாம். பாலையில் இச்செலவு இல்லை. வெயில் நிலத்தையும் காற்றையுமே காய்ச்சுகின்றது.

இரண்டாவது காரணம் மணலின் இயல்பு. உலர்ந்த மணற்பொடிகளின் இடையிடையே காற்று நிறைந்திருத்தலால், உஷ்ணம் உள்ளே எளிதிற் செல்லாது. மேற்பரப்பு கால் வைக்கவொண்ணாது கொதிக்கும்போதும், ஒரு முழ ஆழத்தில் பகலிரவு வேறுபாடு பெரும்பாலும் உணரப்படாது. வரவு மிகுந்தும் சேமிப்பில்லாத குடும்பம் போல, மாலை வந்தவுடன் மணல் வறுமையுறுகின்றது.

மூன்றாவது காரணம் வானத்தின் தெளிவு. பூமி தன் உஷ்ணத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கிரணங்களாக இடையறாது ஆகாயத்தை நோக்கி வீசுகின்றது. நீராவியும் மேகமும் அவற்றில் ஒரு பகுதியை ஏற்று, மீண்டும் நிலத்திற்கே திருப்பி அனுப்பும். நீராவியின் இவ்வாற்றலை 1859 முதல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் என்னும் அறிஞர் சோதனைகளால் விளக்கிக் காட்டினார். பாலையின் வானில் இப்போர்வை மிக மெல்லிது.

இவ்வுண்மையை நம் நாட்டார் தொழிலிலேயே பயன்படுத்தினர். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில், உலர்ந்த தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் ஆழமற்ற மண்சட்டிகளில் நீர் வைத்துப் பனிக்கட்டி எடுத்த முறையை, ஸர் ராபர்ட் பார்க்கர் 1775-ல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் விவரித்துள்ளார். காற்று உறைநிலைக்கு வராதபோதும், தெளிந்த வானை நோக்கி உஷ்ணத்தை இழந்தும், ஆவியாதலாற் குளிர்ந்தும், அந்நீர் உறைந்தது.

இனி, திருவண்ணாமலையை நோக்குவோம். இவ்வூர் கடலுக்குத் தொலைவிலுள்ளது. மாசி பங்குனியில் வானம் தெளிந்து, வெயிலும் விடியற்குளிரும் மாறி மாறி வரும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. 2,668 அடி உயர்ந்த அண்ணாமலை மணலன்று, பாறை. பாறை உலர்ந்த மணலினும் விரைவாக உஷ்ணத்தை உள்ளே செலுத்திச் சேமிக்கும். அதனாலேயே கோடையில் சூரியன் மறைந்த பின்னரும் மலையடிவாரத்தில் அனல் வீசுகின்றது. கல்லும் தார்ச்சாலையும் சிமெண்டுக் கட்டிடங்களும் இதே இயல்பின. சித்திரைப் பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் வழியை வெறுங்காலுடன் வலம் வருவோருள் முதியோரும் சிறாரும் பலர். மாலையில் புறப்படுவதினும், இரவு முதிர்ந்த பின்போ விடியலுக்கு முன்போ புறப்படுதல் அவர்க்கு நலம்.

பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரங் கூறும் கருத்து. விஞ்ஞானமும் இதற்கு மாறுபடவில்லை. ஏரிகள் தூர்ந்து, மரங்கள் அழியின், நீரை ஆவியாக்கும் செலவு நின்று, வெயில் முழுதும் நிலத்தையே சுடும். மரமோ நிழலாற் பாறை காயாமற் காத்து, வேரால் மழைநீரை மண்ணில் இறக்கி, இலையால் ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும். மரங்குன்றியிருந்த இம்மலையில் 1980-களின் பிற்பகுதி தொடங்கித் தொண்டர்கள் கன்று நட்டுவருவதும், கோடைத் தீயினின்று அவற்றைக் காக்க முயல்வதும் இதனாற் பெரும்பணியாகும்.

மாணவ நண்பர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். ஓர் உஷ்ணமானியைக் கொண்டு, மணல், பாறை, மரநிழலிலுள்ள மண் ஆகிய மூன்றின் உஷ்ணத்தையும் பிற்பகல் இரண்டு மணிக்கும், இரவு எட்டு மணிக்கும், விடியற்காலை ஐந்து மணிக்கும் குறித்து ஒப்பிடுக. பின்னர், அம்மூன்றில் எவ்வகை நிலம் நம் ஊரில் பெருகவேண்டும் என்பதை எண்ணி, இயன்ற அளவு அதற்கு உழைப்பாராக.