சர்க்கரைக் கொல்லி: பெயரும் பொருளும்

தாவரவியலார் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியர் தொடுவது ஏன் என வினவுவோர் இருக்கலாம். சிக்கல் ஒரு சொல்லில் தொடங்குகிறது என்பதே எம் விடை.

வேலிகளிலும் புதர்களிலும் படர்வது சிறுகுறிஞ்சான். இதற்குச் சர்க்கரைக் கொல்லி என்றொரு பெயரும் உண்டு. வடபுலத்தில் வழங்கும் குர்மார் என்னும் பெயரும் வெல்லத்தைக் கொல்வது என்றே பொருள்படும். இலையை மென்றபின் சர்க்கரையை நாவிலிட்டால் மணலை இட்டாற்போலிருக்கும். ஏறத்தாழ அரைமணி நேரம் இனிப்பே தோன்றாது. ஆதலின் 'கொல்லி' என்பது முதற்கண் நாவின் சுவையைக் குறித்ததேயன்றிக் குருதியைக் குறித்ததன்று எனக் கருதுகிறோம்.

எம் பெரியத்தா இவ்வேறுபாட்டை அறியார். நாள்தோறும் காலையில் நான்கிலை மென்றார். தேநீர் இனிக்கவில்லை. "சர்க்கரை செத்துப்போச்சு" என மகிழ்ந்து மாத்திரையை நிறுத்தினார். சில திங்களில் காற்புண் ஆறாமல் இரு விரல்களை இழந்தார். அவரை எங்ஙனம் குறை கூறுவது? முன்னோர் வைத்த பெயர் பொய்க்குமா என்று அன்று அருகிலிருந்து பேசியவர் நாமே.

எனினும் இலை வெறும் ஏமாற்றன்று. உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் இதிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தார். அது ஒரு பொருளன்று, பல சேர்மங்களின் தொகுதி எனப் பின்னர்த் தெளிந்தது. சென்னையில் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை, வழக்கமான மாத்திரைகளுடன் சேர்த்து, 18 முதல் 20 திங்கள் வரை அளித்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். ஐவர் மாத்திரையை விட முடிந்தது. ஏனைய பதினெழுவர் விட இயலவில்லை. அவ்வைவரும் குருதிச் சோதனையின் துணைகொண்டே விட்டனர், நாவின் சான்றைக்கொண்டு அன்று. மேலும் 22 என்பது மிகச் சிறு எண்.

மூலிகையைச் சலித்தெடுக்கும் பணி நெடியது. ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், பூவோடு கூடிய கிளையை உலர்த்திக் காப்பகத்திற் சேர்த்து, இன்ன செடிதான் என முதலில் உறுதிசெய்வர். (ஆய்வு மாணவர் கவனிக்க: வட்டாரப் பெயர்களைத் தொகுப்பார்க்கு இங்கே வேலையுண்டு.) பின்னர் நீரிலும் சாராயத்திலும் சாரம் இறக்கி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகளை அது தடுக்கிறதா எனக் குழாயில் நோக்குவர். தடுத்தால் சாரத்தைப் பகுத்து, எக்கூறு வேலை செய்கிறதென்று தேடுவர். அதன் பின்னரே விலங்கு, நச்சாய்வு, மனிதர். குழாயில் வென்றவற்றுட் பல வயிற்றில் தோற்கும்.

சில நஞ்சாகவும் முடியும். ஐரோப்பாவில் விளையும் கலேகா என்னும் செடியின் சேர்மம் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. அதற்கு உறவான மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் ஆக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதனை நோயாளர்க்கு அளித்துக் கண்ட பயனை 1957இல் வெளியிட்டார்.

பெரியத்தா நிறுத்திய மாத்திரை அதுதான். அதுவும் ஒரு செடியின் வழிவந்தது என்று சொன்னபோது, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அப்பவே சொல்லக் கூடாதா?" என்றார்.