வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்...
(9-ஆம் வகுப்பு மாணவி எழுதியது)



அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும்போது யாராவது மூடியைத் திறப்பாங்களா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், திறக்கக் கூடாதுன்னு. அதே மாதிரி ஒரு குக்கர் வேன், கார், லாரி எல்லாவற்றிலும் இருக்கு. அதை மட்டும் பெரியவங்களே அவசரப்பட்டுத் திறந்துடுறாங்க. அதன் பெயர் ரேடியேட்டர். லீவு விட்டால் நம்மில் பாதிப் பேர் வேன் பிடிச்சுக் கோயிலுக்கும் மலைக்கும் போகிறோம். அதனால்தான் இந்தப் பாடம்.

இஞ்சினில் டீசல் எரிந்து வரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடும். புகையோடு கொஞ்சம் போகும். இன்னும் கொஞ்சத்தை இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அந்தச் சுடுதண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது, முன்னால் இருந்து வரும் காற்றும் ஃபேனும் அதை ஆற வைக்கும். ஆறிய தண்ணீர் மறுபடி இஞ்சினுக்குப் போகும். இது ஓடிக்கிட்டே இருக்கணும்.

மலை ஏறும்போது என்ன ஆகும்? வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக்கிட்டு ஏறும். இஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் வண்டி நகர்வது மெதுவா. அதனால் சூடு அதிகம், காற்று கம்மி. அதிலும் பத்துப் பேர் உட்காரும் வேனில் பதினாலு பேர் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

இப்ப குக்கர் விஷயத்துக்கு வருவோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கு. அது உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கும். அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 110 டிகிரிக்கு மேலே போனாலும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்க முடியும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் சும்மா இருக்குமா? ஒரே சமயத்தில் பொங்கி, நீராவியோடு மூடியைத் திறந்தவர் மூஞ்சியிலேயே அடிக்கும்.

நீராவி ஏன் அவ்வளவு மோசம்? 1 கிராம் கொதிதண்ணீர் நம்ம உடம்புச் சூடு வரைக்கும் ஆறினால் சுமார் 260 ஜூல் வெப்பத்தைத்தான் தோலுக்குக் கொடுக்கும். 1 கிராம் நீராவி தண்ணீராக மாறும்போதே சுமார் 2260 ஜூல் கொடுத்துவிடும். இதுதான் உள்ளுறை வெப்பம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அதே உள்ளுறை வெப்பம்தான்! யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டணும். பேஸ்ட், இங்க், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரி.

போன வருஷம் மே மாதம் நாங்கள் 11 பேர் காரவல்லி வழியாகக் கொல்லிமலைக்குப் போனோம், அறப்பளீஸ்வரரைக் கும்பிட. அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், சூடு காட்டும் முள் மேலே போய் ஒட்டிக்கிச்சு. முன்பக்கம் வெள்ளையாகப் புகை மாதிரி ஆவி. டிரைவர் அண்ணன் உடனே ஓரம் கட்டி, முதல் கியரில் போட்டு நிறுத்தி, ஸ்டியரிங்கை மலைச்சுவர் பக்கம் ஒடித்துவிட்டார். வண்டி தானாகப் பின்னால் உருண்டாலும் சுவரில்தான் முட்டும், பள்ளத்துக்குப் போகாது. அப்புறம் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

அதற்குள் எங்க சித்தப்பா தண்ணி பாட்டிலோடு முன்னால் ஓடிட்டாங்க. டிரைவர் அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. "ஏனுங்ணா, கைய எடுங்க! பச்சத் தண்ணிய ஊத்துனா இஞ்சின் போயிரும், மூடியத் தொறந்தா மூஞ்சி போயிரும்!"

அவர் சொன்ன முதல் பாதிக்கும் காரணம் இருக்கு. எரிகிற அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் தண்ணி பட்டால் படீர்னு விரிசல் விடும் இல்லையா? சூடான உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் அதுவும் விரிசல் விடலாம். அதனால் குறைந்தது அரைமணி, முக்கால் மணி நேரம் ஆற விடணும். ஆறின பிறகும் மூடியின் மேல் தடித்த சாக்கை நாலு மடிப்பாகப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதலில் கொஞ்சமாகத் திருகணும். புஸ்ஸென்று சத்தம் வந்து அடங்கிய பிறகே முழுசாகத் திறக்கணும். இது பெரியவங்க வேலை, நாம செய்யக் கூடாது. நாம பார்த்துச் சொன்னால் போதும். சில வண்டிகளில் பச்சை, ரோஸ் நிறத்தில் கூலண்ட் ஊற்றியிருப்பாங்க. அது இனிக்கும், ஆனால் விஷம். குட்டிப் பிள்ளைகள் ஜூஸ் என்று நினைத்துவிடுவார்கள், ஜாக்கிரதை.

எங்க வேனில் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. செல்போனில் டவர் இல்லை. கீழே இறங்கின அரசு பஸ்ஸின் கண்டக்டரிடம் வளைவு நம்பரையும் வண்டியின் மாடலையும் எழுதிக் கொடுத்தோம். இரண்டரை மணி நேரம் கழித்து சேந்தமங்கலத்தில் இருந்து மெக்கானிக் பைக்கில் பெல்ட்டோடு வந்தார். அவ்வளவு நேரமும் எங்க அம்மா ஒரு கேனை மட்டும் யாரையும் தொட விடவில்லை. "ரேடியேட்டர் காத்திருக்கும், அம்மாயி காத்திருக்க முடியாது" என்று சொல்லிட்டாங்க. அம்மாயிக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். கட்டுச்சோறு இருந்ததால் தப்பித்தோம். (ஒரு பொட்டலத்தைக் குரங்கு தூக்கிட்டுப் போனது தனிக் கதை.)

ரேடியேட்டரை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. நின்ற வண்டியில் பின்னால் வரும் வண்டி வந்து மோதுவதுதான் அது. நம்ம ‘இயக்கம்’ பாடத்தை வைத்தே இதைக் கணக்குப் போடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். டிரைவர் நம்மைப் பார்த்து, யோசித்து, பிரேக்கில் கால் வைக்க 1 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 17 மீட்டர் வந்துவிடும். பிரேக்கின் எதிர் முடுக்கம் 5 மீ/வி² என்றால், நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தால் இதே கணக்கு சுமார் 72 மீட்டர் வருது. மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இதுவும் போதாது.

இப்போது புரிகிறதா, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு ஒட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை என்று? குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்கணும், நாலு வழிச்சாலையில் இன்னும் தள்ளி. மலையில் வளைவு தாண்டி வண்டி நின்றால் வளைவுக்கு முன்னாடியே வைக்கணும். வளைவு தாண்டிய பிறகு பார்த்தால் பிரேக் போட இடம் ஏது? எதிரில் இறங்கி வருகிறவர்களுக்கும் ஒன்று வேண்டும். நாலு இண்டிகேட்டரையும் எரிய விடணும். ஆட்கள் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கணும். வண்டிக்கு முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் கூடாது. மோதினால் நின்ற வண்டி முன்னால் பாயும், மேட்டில் கல் நழுவினால் பின்னால் உருளும். வண்டி நிழலில் உட்காருவது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம்.

முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் மரக்கிளையை ஒடித்துப் போட்டு, கல்லையும் வரிசையாக வைப்பாங்க. கிளை பரவாயில்லை. கல்லில்தான் எனக்குக் கோபம். வண்டி சரியானதும் கல்லை அங்கேயே விட்டுட்டுப் போயிடுறாங்க. ராத்திரி வேலை முடிந்து மொபட்டில் வருகிறவருக்கு அது தெரியுமா? எங்க டிரைவர் அண்ணன் கிளம்பும்போது சித்தப்பாவை இறக்கிவிட்டு, வைத்த கல் அத்தனையையும் எண்ணி எடுத்து ஓரத்தில் போடச் சொன்னார். ஆறு கல். ஆறும் எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினார்.

பஞ்சர் என்றால் சுருக்கமாக: ஜாக்கி போடுவதற்கு முன்னாலேயே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தணும். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் உராய்வு அதைச் சுற்ற விடாமல் பிடிக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கா என்று ஊரில் இருந்து கிளம்பும் முன்னாடியே பார்க்கணும்.

உதவி கேட்க, மைல்கல்லின் தலையைப் பாருங்க. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033-க்குப் போன் செய்யலாம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. யாருக்காவது அடிபட்டால் எந்த ரோடாக இருந்தாலும் 108, மற்ற அவசரத்துக்கு 112. கல்லில் இருக்கும் ஊர்ப் பெயரையும் கிலோமீட்டரையும் படித்துச் சொல்லணும். "ஒரு பெரிய புளியமரம் பக்கத்துல நிக்கிறோம்" என்றால் அவங்க எங்கே என்று தேடுவாங்க?

ஒரு கணக்கு தருகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருது. யோசிக்கும் நேரம் 1 வினாடி, எதிர் முடுக்கம் 5 மீ/வி². முக்கோணத்தை எத்தனை மீட்டர் பின்னால் வைக்கணும்? இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதுங்க. வழிமுறை இல்லாத விடைக்கு மார்க் கிடையாது!