போலீஸ் வெரிபிகேஷனில் பெயர் அடிபட்டால்

தம்பி, எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டிவிட்டாய். காவலர் வேலைக்கு இனி பாக்கி போலீஸ் வெரிபிகேஷன்தான். வேலூர் பக்கம் அமிர்தி மலையடிவாரத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். திருவிழா அடிதடியில் பெயர் சேர்ந்திருக்கும். கூலிக்கென்று ஆந்திரா போய் செம்மர வழக்கில் மாட்டியவர்களும் நம் மலையில் உண்டு.

படிவத்தில் 'வழக்கு உண்டா' என்று கேட்டிருந்தால் உள்ளதை எழுது. எந்த ஸ்டேஷன், எஃப்ஐஆர் எண், என்ன பிரிவு, இப்போது எந்த நிலை, நான்கும் வேண்டும். "விடுதலை ஆயிடுச்சே, எதுக்கு எழுதணும்" என்று டீக்கடையில் யோசனை சொல்வார்கள், கேட்காதே. அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: தகவல் உண்மையாக இருக்க வேண்டும், அதேசமயம் இளவயதில் நடந்த அற்ப விவகாரத்தை மறைத்திருந்தால்கூட அதிகாரி மன்னிக்கலாம். மன்னிக்கலாம் என்றுதான் சொன்னது, மன்னித்தாக வேண்டும் என்றல்ல. அந்த ஒரு சொல்லை நம்பி வேலையைப் பணயம் வைக்காதே. வனத்துறை வழக்கு என்றால் அபராதத்தோடு முடிந்ததா, கோர்ட்டுக்குப் போனதா என்று ரேஞ்சர் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்.

விடுதலையிலும் தரம் உண்டு. தமிழ்நாட்டுக் காவல் பணி விதி 14(பி)யின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுதலையானாலும் 'வழக்கில் சம்பந்தப்பட்டவர்' கணக்குதான். எனக்கு இது கொடுமையாகத்தான் படுகிறது. ஆனால் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே 2008இல் இதைச் செல்லும் என்றுவிட்டது. வெரிபிகேஷனின்போது நிலுவையில் இருந்த வழக்கு பிறகு கண்ணியமான விடுதலையில் முடிந்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் வேலை கேட்க முடியும். அதனால் வழக்கை இழுக்க விடாதே. வாய்தா தவறாமல் போ, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வை.

நிராகரித்துவிட்டார்களா? வாய்ச்சொல்லோடு திரும்பி வராதே, காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. பதிலுக்கு 30 நாள் கெடு. உத்தரவு கையில் வந்ததும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தாமதித்தால் காலியிடம் நிரம்பிவிடும்.

"பேசி முடிக்கிறேன்" என்று பணம் கேட்கும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடு. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்லி 1987ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. போகுமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு ஒரு போன் போடு.